அரைப்பேர்

தலைமன்னார்ப் புகையிரதப் பாதையில், மாத்தோட்டம் என்ற தரிப்பிடத்துக்கும் மன்னார் நிலையத்துக்கும் இடையே, திருக்கேதீஸ்வரம் என்று பெயர்ப்பலகை தாங்கிய சிறு நிலையம் ஒன்று உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தின் பெயரைக் கொண்டது. சிவராத்திரி காலம் தவிர்ந்த ஏனைய நாட்களில் அங்கு இறங்குவோர் மிகச் சிலரே. 1990இல் போரினால் நின்றுபோன புகைவண்டி 2015 மார்ச்சில்தான் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியது. கோயிலைப் பற்றியும், பாலாவித் தீர்த்தத்தைப் பற்றியும், 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோள் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. இன்று நான் எழுத வந்தது அந்த நிலையத்தில் இறங்காமல் அதனைக் கடந்து சென்றவர்களின் கணக்கைப் பற்றி. கணக்கு என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே ஆள்கிறேன். அவர்கள் வேலை செய்த நாட்களை எவர் எண்ணினார், எவ்விதம் எண்ணினார் என்பதே அந்தக் கணக்கு.

இதனை எழுதத் தூண்டியது நியூ ஜேர்சியில் இருக்கும் என் தமக்கையின் மகன் அனுப்பிய மின்னஞ்சல். நிறுவனங்களுக்கு வேலைநேர அட்டவணை மென்பொருளை நிறுவிக் கொடுப்பது அவன் தொழில். எவர் எந்த முறைக்கு வரவேண்டும், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், எவ்வளவு நேரத்துக்குச் சம்பளம் என்பவற்றை அந்த மென்பொருள் கவனித்துக்கொள்ளும். தானாகக் கவனித்துக்கொள்ளும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அப்படியல்லவாம். முதலில் ஒருவர் உட்கார்ந்து அதற்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எத்தனை நிமிடம் பிந்தினால் பிந்தல், எத்தனை மணி நேரம் குறைந்தால் அரைநாள், உணவு இடைவேளையைக் கழிப்பதா விடுவதா என்று நூறு கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும்.

அவன் போயிருந்தது ஒரு பண்டகசாலைக்கு. காலை 8 மணிக்கு வேலை. 8 மணி 1 நிமிடத்துக்கு வருபவரை 8.15 என்று பதியவேண்டும், மாலை 5.14க்குப் புறப்படுபவரை 5 மணி என்று பதியவேண்டும் என அங்குள்ள முகாமையாளர் கேட்டாராம். இரு முனையிலும் நிறுவனத்துக்கே ஆதாயம். அமெரிக்க மத்திய அரசின் விதி நேரத்தைக் கால் மணிக்கு வட்டமிட இடந்தருகிறது. வழக்கத்தில் 7 நிமிடம் வரை பின்னுக்குத் தள்ளுவார்கள். 8 நிமிடம் முதல் முன்னுக்குத் தள்ளுவார்கள். ஆனால் காலப்போக்கில் தொழிலாளி செய்த வேலை முழுவதுக்கும் ஊதியம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முகாமையாளர் கேட்டதில் அந்த நிபந்தனை நில்லாது. இதைச் சொல்லப்போய் அவரோடு மனத்தாங்கலாகிவிட்டது என்று எழுதியிருந்தான். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: "மாமா, வேலையாட்கள் பார்க்கிற பக்கத்தைப் பல மொழிகளில் போடுகிறோம். தமிழிலும் போடலாம் என்று இருக்கிறது. ஒருவர் வேலை செய்த நாளைப் பதிகிறதுக்குத் தமிழில் என்ன பேர்?"

பேர்தான் அதற்குப் பேர் என்று உடனே பதில் எழுதினேன். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, வழங்கும் சொல் ‘பேர்’. இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை ஆட்கள் என்று பொருளல்ல. எத்தனை நாட்கள் என்பதே பொருள். பேர் விழுந்தது என்றால் நாள் சம்பளம் பதிவாயிற்று. அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்றால் பாதிச் சம்பளம் போயிற்று. அந்தப் பதிவேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். இடப்பக்கம் தொழிலாளியின் பெயர். அதற்கு நேரே மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் ஒன்று விழலாம், அரை விழலாம், வெறுமையாகவும் இருக்கலாம். மனிதனின் பெயரும் அவனுடைய நாளும் ஒரே சொல்லாகிப்போனது அந்தப் பேரேட்டில்தான்.

அந்தப் பேரேட்டுக்குப் போகும் வழி மாந்தை வழி. 1820களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் முளைக்கத் தொடங்கின. தமிழகத்திலிருந்து தோணியேறி வந்தவர்கள் தலைமன்னாரிலும் பேசாலையிலும் அரிப்புக் கரையிலும் இறங்கினார்கள். தீவின் நெடுக நடந்து பெருநிலத்துக்கு வந்தால் முதலில் தென்படுவது மாந்தை. அக்காலத்தில் அங்கே கோயில் இல்லை, இடிபாடுகளும் காடும்தான். சிறிய அளவில் கோயில் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1903இல். ஆகவே பாடல் பெற்ற தலத்தின் அருகில் கும்பிட ஒரு தூணும் இன்றி அவர்கள் நடந்து போயிருக்கிறார்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை. தலைமன்னாரிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 150 மைல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த மரணங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறாகிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மாந்தையைக் கடக்க மனம் வரவில்லை. வேலைக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்ற விதியைத் தமிழர் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். சோழர் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர். அங்கே இராசராச ஈசுவரம் எடுத்த தாழி குமரனின் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதே அரசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கோயிற் பணியாளரின் ஊதியத்தைப் பங்கு பங்காக வகுக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பணியாளர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறவேண்டும். அவருக்குத் தகுதியில்லாவிட்டால் தகுதியுள்ள வேறொருவரை நியமிக்க வேண்டும். இன்றைய மென்பொருளில் பதிலாள் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதுவேதான். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எண்ணப்பட்டது ஆண்டு. நாளை எண்ணி, நாளையும் இரண்டாகப் பிளந்து எண்ணும் வழக்கம் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கரை வழியாக வந்தவர்களுக்கு வாய்த்தது.

காப்பிக் காலத்தில் இந்த எண்ணிக்கை இத்தனை இறுக்கமாக இருக்கவில்லை. காப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் மீண்டும் அதே 150 மைல் நடந்து ஊர் திரும்பினார்கள். சம்பளம் தொழிலாளியின் கைக்கு நேரே வரவில்லை. பெரிய கங்காணியின் கைவழியே வந்தது, அதுவும் மாதக்கணக்கில் பிந்தி வந்தது. வழிச்செலவுக் கடன், அரிசிக் கடன், துணிக் கடன் எல்லாம் கழிந்தபின் எஞ்சியதே சம்பளம். 1869இல் இலைநோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காப்பி மடிந்தது. பல தோட்டங்கள் முறிந்தன. சம்பளப் பாக்கி அப்படியே நின்றுபோயிற்று.

பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து. ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்றால் ஆண்டு முழுவதும் வரவும் எழுதவேண்டும். செக்ரோல் தோட்டத்தின் நடுநாயகமானது அதன் பிறகுதான் என்பது என் எண்ணம். ஏனெனில் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தப் பேரேட்டுக்குச் சட்ட வலு கொடுத்தது. அச்சட்டத்தை இன்று வாசித்தாலும் அதன் நுட்பம் வியப்பைத் தரும். தோட்டப் பதிவேட்டில் பெயர் இருந்து, முதலாளியிடமிருந்து அரிசியோ பணமோ முன்பணமாகப் பெற்றிருந்தால், அந்தத் தொழிலாளி ஒரு மாத ஒப்பந்தத்துக்கு உடன்பட்டவராகக் கருதப்படுவார். அது மாதத்துக்கு மாதம் தானாகப் புதுப்பிக்கப்படும். கையொப்பம் வேண்டியதில்லை. பேரேட்டில் பேர் ஏறியதே கையொப்பம். ஒப்பந்தத்தை முறித்துப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்; சிறைக்கும் இடமுண்டு.

அதே சட்டத்தில் தொழிலாளிக்கு நன்மையான பகுதிகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மாதச் சம்பளத்தை 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றது. அறுபது நாள் என்பது இன்று நகைப்புக்கிடமாகலாம். அதற்குமுன் இருந்த நிலையை வைத்துப் பார்த்தால் அது பெரிய சலுகை. இன்னொன்று இதைவிட முக்கியம். தொழிலாளி வேலை செய்ய வல்லவராகவும் விரும்புபவராகவும் இருந்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் கணக்கிட வேண்டும், முதலாளியால் வேலை கொடுக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும். ஆனால் கிழமைக்கு 6 நாட்களுக்கு மேல் வேலை கொடுக்கும் கடப்பாடு முதலாளிக்கு இல்லை. சட்டத்தில் எழுதியது அது. ஆனால் எந்த நாளில் ஒருவர் வேலைக்கு விரும்பி வந்தார், எந்த நாளில் வரவில்லை என்பதற்குச் சாட்சி செக்ரோல் ஒன்றே. அந்தப் பேரேடு தோட்டத்தின் கையில் இருந்தது. எழுதுபவர் தோட்டத்தின் சம்பளத்தில் இருந்தார்.

உலகின் மறுகோடியிலும் அப்போது இதே சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. 1888இல் நியூயோர்க் மாநிலத்தின் ஓபர்ன் ஊரில் வில்லாட் பண்டி என்ற நகை வணிகர் வேலைநேரம் பதியும் மணிக்கூடு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் செய்து விற்கும் கம்பனி 1889இல், நமது கட்டளைச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், பிங்ஹாம்ரன் நகரில் தொடங்கியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஒரு திறவுகோல். அதை இட்டுத் திருப்பினால் எண்ணும் நேரமும் காகிதச் சுருளில் பதிந்துவிடும். பிற்காலத்து ஐபிஎம் நிறுவனத்தின் வேர்களில் ஒன்று அந்தக் கம்பனி. அங்கே திறவுகோல் என்றால் இங்கே தகரம். 1901 முதல் இலங்கைக்கு வந்த தொழிலாளருக்குத் தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் போதும், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். 1899இல் மன்னார் நடைவழி மூடப்பட்டு எல்லோரும் கொழும்பு வழியாக வந்த காலம் அது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும், தலைமன்னாரிலிருந்து புகைவண்டியும் ஓடத் தொடங்கியதும் மீண்டும் மாந்தை வழி திறந்தது. முன்பு நடந்து போன இடத்தைத் தகரத் துண்டோடு வண்டியில் கடந்தார்கள். மண்டபம் முகாமில் தங்கிப் பரிசோதனை முடித்து, மருந்துநெடி மாறாத உடையோடு வந்தவர்களுக்குத் திருக்கேதீஸ்வரம் எப்போது கடந்துபோயிற்று என்பதே தெரிந்திராது.

இனித் தோட்டத்தின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் தப்பு முழங்கும். அல்லது கொம்பு ஊதும். எல்லோரும் பிரட்டுக் களத்தில் கூடவேண்டும். பிரட்டு என்பது ஆங்கிலத்துப் பரேட்டின் தமிழ் வடிவம். இராணுவத்துச் சொல் லயத்து வாசலுக்கு வந்த கதை. அங்கேதான் வேலை பிரிக்கப்படும். இவருக்குக் கொழுந்து, இவருக்குக் கவ்வாத்து, இவருக்குக் கான் வெட்டு. பிரட்டுக்குப் பிந்தியவரை அன்றைக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. வட்டமிடும் விதி என்று என் மருமகன் எழுதியது, இங்கே முழு நாளையே வட்டமிட்டுச் சுழியமாக்கும் விதியாக இருந்தது.

களத்தில் நின்றதனால் மட்டும் பேர் விழாது. கொழுந்து பறிப்பவர் அன்றைக்குரிய அளவை எடுத்தாக வேண்டும். றாத்தற் காலத்தில் றாத்தல், பின்னர் கிலோ. ஒரு நாளில் பல தடவை நிறுவை நடக்கும். கூடையின் நிறை என்று கொஞ்சம் கழிவு, இலையின் ஈரம் என்று கொஞ்சம் கழிவு. மழை நாளில் ஈரக் கழிவு கூடும். அன்றைக்குத்தான் பறிப்பதும் சிரமம். தராசைப் பார்ப்பவர் ஒருவர், வாய்விட்டுச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். பறித்தவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு மீண்டும் நிரைக்கு ஓடவேண்டும். மலையில் எழுதிய குறிப்பு பின்னர் கந்தோரில் பேரேட்டில் ஏறும். அளவு குறைந்தால் அரைப்பேர். காலை ஏழரை மணி முதல் மாலை வரை மலையில் நின்றவருக்கும் கட்டத்தில் அரை என்றே விழும். நேரத்துக்குச் சம்பளமா, நிறைக்குச் சம்பளமா என்ற கேள்விக்குத் தோட்டம் ஒருபோதும் நேரே விடை சொன்னதில்லை. நாள் சம்பளம் என்று பெயர். நிறை குறைந்தால் நிறைச் சம்பளம். நிறை எட்டினால் மாலைவரை நிற்கவேண்டிய நாள் சம்பளம். இரண்டிலும் எது குறைவோ அது தொழிலாளிக்கு. பின்னாளில் அளவுக்கு மேல் எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கங்காணிக்கும் ஒரு கணக்கு இருந்தது. தன் கூட்டத்திலிருந்து அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று அவருக்குக் காசு உண்டு. காய்ச்சற்காரரையும் பிள்ளை பெற்றவளையும் பிரட்டுக்கு இழுத்துவரச் செய்தது கங்காணியின் கல்நெஞ்சு மட்டுமன்று, அந்தச் சதமும்தான். கெட்ட மனிதர்களைப் பற்றிய கதைகள் நம்மிடம் ஏராளம். கெட்ட விதிகளைப் பற்றிய கதைகள் குறைவு. இல்லாத ஆளுக்குப் பேர் போட்டுக் காசெடுத்த கங்காணிகளைப் பற்றியும் தோட்டங்களில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவருக்காக இன்னொருவர் அட்டையைத் தட்டிவிடுவதைத் தடுக்க இன்று விரல் ரேகை கேட்கிறார்கள்.

அரசு இந்தக் கணக்குக்குள் ஆழமாகக் கைவைத்தது 1927இல். ஆள் மாற்றும் கடன்சீட்டான ‘துண்டு’ முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே ஒழித்திருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்ச சம்பளம் என்ற கருத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாள் வேலை என்றால் நடுப்பகல் உணவு நேரத்தையும் சேர்த்து 9 மணி நேரம் என்று வரையறுத்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆக ஒரே கட்டத்தில் ஒரே ஒன்று விழுந்தாலும் அதன் பெறுமதி மூன்று விதம். தோட்டத்தின் வருமானம் முழுவதும் பெண்ணின் விரல்நுனியில் இருந்தது. அவளுடைய பேருக்கு விலை குறைவு. ஆண் பெண் சம்பளம் சமமாவதற்கு 1984 வரை, அதாவது இன்னும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சம்பளத்துக்காக எழுதிய பேரேடு சம்பளத்தோடு நின்றிருந்தால் இத்தனை சொல்லியிரேன். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் பெருந்தொகையாக நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிறுவவேண்டும். மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. பிறப்புப் பதிவு இல்லை, காணி உறுதி இல்லை, வாடகைச் சீட்டு இல்லை. லயத்தில் வாழ்ந்தவரிடம் தான் வாழ்ந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கும்? தோட்டப் பதிவேடுகளும் செக்ரோலும்தான். ஊருக்குப் போய் வந்த மாதங்கள், தோட்டம் மாறிய இடைவெளி, துரை எழுதாமல் விட்ட பெயர், எழுத்துப்பிழையால் வேறாளாகிவிட்ட பெயர், எல்லாம் விசாரணையில் கேள்விகளாயின. வெறுமையான கட்டம் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று மட்டும் சொல்லவென்று விடப்பட்டது. இப்போது அது நாட்டிலேயே இல்லை என்று சொல்லும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதினைந்து ஆண்டு விசாரணைக்குப் பின் உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மற்றவர்களின் தலைவிதியை 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று.

எழுபதுகளின் பிற்பகுதியில் செய்தி தேடித் தலைமன்னார் வண்டியில் சில முறை போயிருக்கிறேன். ஒரு முறை பெட்டி நிறைய மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், அம்மி ஒன்று. எதிரே இருந்த மூதாட்டி மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடவுச்சீட்டுத்தானே, பத்திரமாக இருக்கும் ஆச்சி என்றேன். அதில்லைங்க ஐயா என்று ஒரு தாளை விரித்தார். எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று தோட்டத்துக் கந்தோரில் எழுதிக் கொடுத்த தாள். அதைக் காட்டினால் அங்கே ஏதாவது கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். திருச்சிப் பக்கம் என்றார். பிறந்தது மஸ்கெலியாவில்; திருச்சியைக் கண்டதில்லை. திருக்கேதீஸ்வரத்தில் வண்டி நின்றது. வெளியே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கோயில் அங்கிருந்து தெரியாது; பெயர்ப்பலகையைத்தான் கும்பிட்டார். 1984இல் கப்பல் நின்றபோது அந்த வழியும் அடைபட்டது.

பழங்கதை என்று இதனை ஒதுக்க முடியாது. விதி எழுதுவோர் கைவண்ணத்துக்கு அண்மைக் கால உதாரணம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 620 ரூபாய் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளும் அப்படியே தலைப்பிட்டோம். அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். விலைக்கேற்ற கொடுப்பனவு 30 ரூபாய். மீதி 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை வழங்கிய நாட்களில் நூற்றுக்கு 75 விழுக்காடு வந்தவருக்கே அந்த 140 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்து விழுக்காடு என்பது பதினெட்டே முக்கால் நாள். 19 நாள் வந்தவருக்கு 19 தடவை 620 ரூபாய், மொத்தம் 11,780. 18 நாள் வந்தவருக்கு 18 தடவை 480 ரூபாய்தான், மொத்தம் 8,640. ஒரு நாள் குறைந்தது; சம்பளத்தில் குறைந்தது 3,140 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லயத்தில் நின்ற தாய் ஐந்து நாளுக்கும் மேற்பட்ட சம்பளத்தை இழந்தாள். 620 ரூபாய் என்று தலைப்பிட்ட எங்களில் எத்தனை பேர் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தோம்? நான் செய்யவில்லை. பல மாதங்கள் கழிந்தபின், ஹட்டனில் ஒரு தேநீர்க்கடையில் ஒரு தொழிலாளி சம்பளச் சிட்டையை என்முன் வைத்து விரலால் காட்டியபோதுதான் விளங்கிற்று.

2016இல் அந்த வரவுக் கொடுப்பனவு 60 ரூபாயாகி, 2019இல் ஒழிந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. உடனே கொழுந்தின் அளவு பற்றிய பூசல் தொடங்கியது. தோட்டங்களில் அளவு கூட்டப்பட்டது, எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டது என்று முறைப்பாடுகள் எழுந்தன. சம்பளத்தைச் சட்டம் தீர்மானிக்கும்போது பேரைத் தராசு தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தராசு பல தோட்டங்களில் இப்போது மின்னணுத் தராசு. எண் பளிச்சென்று தெரிகிறது. கழிவு எத்தனை கிலோ என்பதை இன்றும் மனிதர்தான் சொல்கிறார். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,350 ரூபாயை 1,550 ரூபாயாக்கி, அதன்மேல் அரசே 200 ரூபாய் நாள் வரவுக் கொடுப்பனவு தரும் என்றது. வரவு என்ற சொல் மீண்டும் சம்பளத்துக்குள் வந்திருக்கிறது. இம்முறை பெருக்கலை முதலிலேயே செய்து பார்க்கும்படி இளம் செய்தியாளர் இருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைந்து ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, பழைய வழியைத் தழுவி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 16 நாள் நடை. மன்னார்ப் பெருவழியில் வெயிலில் அவர்கள் வந்ததைப் படங்களில் பார்த்தேன். முன்னே போனவர்களின் பெயர்கள் எந்தப் பேரேட்டிலும் முழுமையாக இல்லை. வழியில் இறந்தவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேராதவர்கள். ஆகவே செக்ரோலில் ஏறாதவர்கள்.

இவற்றையெல்லாம் துண்டு துண்டாக மருமகனுக்கு எழுதினேன். போன கிழமை பதில் வந்தது. அந்தப் பண்டகசாலை வட்டமிடும் விதியைக் கைவிடவில்லையாம். ஆனால் காலையிலும் மாலையிலும் ஒரே அளவாக வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 8 மணி 7 நிமிடம் வரை வருபவருக்கு 8 மணி, 5 மணி 8 நிமிடத்துக்குப் போகிறவருக்கு 5.15. ஒவ்வொரு நாளும் தட்டிய நேரமும் வட்டமிட்ட நேரமும் இரண்டும் தொழிலாளியின் திரையில் தெரியும்படி ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறான். அது இயல்பில் மூடியிருக்குமாம், இவன் திறந்து வைத்துவிட்டானாம். தமிழ்ப் பக்கத்துக்கு ‘வேலைநாட் பதிவு’ என்று தலைப்பிட்டிருக்கிறான். ‘பேர்’ என்று போட்டால் ஆளின் பெயரைக் கேட்கிறது என்று எண்ணி எல்லோரும் தங்கள் பெயரை எழுதிவிடுவார்கள், மாமா, என்கிறான்.